உமிப் பெட்டியில் வந்த யானை

போன மாதம் ஒரு நாள், எனக்கு டெலிபோன் வந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டில் கூப்பிட்டார்கள். நான் கடைசியாக வேலை பார்த்து ரிடையர் ஆன சர்க்கார் மியூசியத்திலிருந்து பேசினார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஹேமலதா என்ற பெண்.

"சார், கிடங்கை ஒழிச்சிக்கினு இருக்கோம். மூலையில ஒரு மரப் பெட்டி கீது. நல்லா தேடிப் பார்த்துட்டேன் சார், உள்ள ஒண்ணுமே லேது. வெறும் உமி. தூக்கிப் போட்டுடலாமா?"

"வெறும் உமியா!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இப்போதெல்லாம் பீங்கான் சாமான்கள் தெர்மாகோலில்தான் வெளியூர் போகின்றன என்று அந்தப் பெண் எனக்கு விளக்க ஆரம்பித்தாள். போகட்டும், சௌக்கியமாகப் போகட்டும். எனக்கும் தெர்மாகோலுக்கும் பங்காளிச் சண்டை எதுவும் இல்லை. ஆனால் அந்த உமியின் கதையைப் பிறத்தியார் வீட்டு டெலிபோனில், அவர்கள் ரசம் பொங்கி வழிந்துகொண்டிருக்கும்போது சொல்ல முடியாது. "எழுதி அனுப்புறேன், அதுவரைக்கும் அந்தப் பெட்டியில கை வெக்காதே" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

சித்தூர் ஜில்லாவில், பாலசமுத்திரம் பக்கத்தில் ஒரு சின்ன ஜமீன். பெயர் வேண்டாம், பங்காளிகள் இன்னும் கோபக்காரர்கள். ஜமீன்தாரை நாங்கள் தொரை என்போம். ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து அவருடைய கிராமங்களைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. குடிகள் போனார்கள், கூடவே அவர்கள் போட்ட கும்பிடும் போயிற்று. தொழுவத்தில் இருந்த மாடுகள் ஒவ்வொன்றாக விலை போயின. மிச்சம் இருந்தவை ஒழுகுகிற அரண்மனையும் தொரையின் பீங்கான் மிருகங்களும்தான். யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். எங்கள் தொரையிடம் இரண்டுமே அசையாமல் தின்றன.

எல்லாம் சீனத்துப் பழைய பீங்கான். வெள்ளை உடம்பு, அதில் நீலத்தில் எழுதிய பூவும் கொடியும். தட்டு, கிண்ணம், ஜாடி என்றால் தொரை திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். கண் இருக்க வேண்டும், கால் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செதிலாவது இருக்க வேண்டும். மெட்ராஸ் ஏலக் கடைகளிலும், வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய பங்களாக்களிலும் தேடித் தேடிச் சேர்த்தவை. வாத்து இருந்தது, தவளை இருந்தது, நண்டு இருந்தது. ஒரு பூனை இருந்தது. அதன் வயிற்றுக்குள் விளக்கை வைத்தால் கண் இரண்டும் எரியும். எலிகளைப் பயமுறுத்தச் சீனர்கள் செய்ததாம். எங்கள் அரண்மனை எலிகளுக்கு அந்த விஷயம் தெரியாது. விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் பூனையின் முதுகிலேயே ஏறி உட்கார்ந்திருந்தன.

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்த சமயத்தில் நான் அங்கே வேலைக்குப் போனேன். பள்ளிக்கூடப் பரீட்சையில் தவறிவிட்டு, நைனா என்று நான் கூப்பிடும் அப்பாவின் மாட்டு வண்டியில் தொற்றிக்கொண்டு திரிந்த காலம் அது. தொரைக்குப் பீங்கானைத் துடைக்க, எடுக்க, கட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது. என் உள்ளங்கையில் ஒரு கோழி முட்டையை வைத்தார். ஊர், பேர், படிப்பு எல்லாம் நிதானமாக விசாரித்தார். திடீரென்று என் காதோரம் வந்து "நெருப்பு! நெருப்பு!" என்று கத்தினார். கூடத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் வாசலுக்கு ஓடினார்கள். நான் மட்டும் முட்டையோடு நின்றேன். தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். பயத்தில் கால் வரவில்லை, அவ்வளவுதான்.

"வூடே எரிஞ்சாலும் முட்டையைக் கீய போடாதவன் இவன்தாண்டா" என்று தொரை என்னை எடுத்துக்கொண்டார். என் படிப்பும் பயிற்சியும் அதோடு முடிந்தன.

தொரையின் சுபாவத்தை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். மனிதர்கள் எல்லாரும் அவருக்கு "ஏம்ரா"தான், அதாவது "என்னடா". தாசில்தார்கூட எதிரில் இருக்கும்வரைதான் "காரு", தெருமுனை திரும்பியதும் அவரும் "ஏம்ரா"வில் சேர்ந்துவிடுவார். பீங்கான் மிருகங்களிடம் மட்டும் பரம மரியாதை. தவளையை அலமாரியிலிருந்து எடுப்பதற்கு முன் "கொஞ்சம் எழுந்திரிங்க சாமி" என்று உத்தரவு கேட்பார். நான் தும்மிவிட்டால் "டேய் கன்னியப்பா, வாத்து அவங்க தூங்கிக்கினு கீறாங்க, அறிவில்ல?" என்று சீறுவார்.

அவர் வைத்த சட்டங்கள் சர்க்கார் சட்டங்களைவிடக் கடுமையானவை. சீயக்காய் போட்டுக் கை கழுவ வேண்டும். விரலில் மோதிரம் கூடாது. தூக்கும்போது வயிற்றில் ஒரு கை, உட்காருகிற இடத்தில் ஒரு கை. "தும்பிக்கையைப் பிடிச்சித் தூக்குறவன் கையை வெட்டிடுவேன்" என்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு சாமான் வெளியே இருக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது, எச்சில் தெறித்துவிடும். பெட்டியிலிருந்து எடுத்து, துடைத்து, உரிய இடத்தில் வைத்து, அவர் "சரே" என்று சொன்ன பிறகுதான் பேச்சு. ஒரு தடவை என் காலில் தேள் கொட்டியபோதுகூட, நண்டைக் கீழே வைத்த பிறகுதான் நான் "ஐயோ" என்றேன்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு அந்த வீட்டில் ஒரு உயிர் இருந்தது. தொரையின் மனைவி, நாங்கள் தொரைசானி அம்மா என்போம். பிள்ளை குட்டி இல்லை. வெடுக்கென்று பேசுவாள், ஆனால் சாப்பிடாமல் ஒருவனை வெளியே அனுப்ப மாட்டாள். "இந்த வூட்டுக்கு வந்த நாளா, எழுந்திரிங்கன்னு என்னை ஒருத்தர் கூப்புட்டதில்ல. நான் பீங்கானா பொறந்திருக்கணும் கன்னியப்பா" என்று ஒரு நாள் எனக்கு மோர் ஊற்றிக்கொண்டே சொன்னாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அந்தக் கூட்டத்துக்கே தலைவர் ஒரு யானைக் கிண்டி. குட்டையான, பானை வயிற்று யானை. முதுகில் நீலப்பூப் போட்ட சேணம். முதுகில் இருக்கும் வாயில் தண்ணீர் ஊற்றினால் தும்பிக்கை வழியாக வரும். அது ஏலத்தில் வாங்கியது அல்ல, அம்மாவின் கல்யாணச் சீரில் வந்தது. ஜோடி யானைகளில் ஒன்று. இன்னொன்று அவள் பிறந்த வீட்டில் நின்றுவிட்டது.

அந்த வீட்டில் ஒரு பழக்கம். பெண்ணுக்குச் சீர் வைக்கும்போது, குத்துவிளக்கானாலும் வெள்ளிச் சொம்பானாலும், ஜோடியில் ஒன்றைத்தான் கொடுப்பார்கள். மற்றது வீட்டிலேயே நிற்கும். போகிற பெண்ணுக்குத் திரும்பி வர ஒரு சாக்கு இருக்கட்டும் என்பதற்காக வைத்த பழக்கம். எங்கள் தொரைக்கு இது தெரியாது. தாலி கட்டிய கையோடு பந்தலில் சீர்த்தட்டுகளைப் பார்த்துவிட்டு, "இன்னொரு யானை எங்க?" என்று கேட்டிருக்கிறார். பழக்கத்தைச் சொன்னார்கள். தொரை பழக்கத்தைக் கேட்கிற ஆளா? வாய் தடித்து, பந்தியில் பாதிப் பேர் எழுந்து, பாயசம் நாய்க்குப் போயிற்று. "அந்த யானை என் வூட்டுக்கு வர்ற வரைக்கும் இவ உங்க வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டா" என்று சொல்லிவிட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாராம். அதோடு சரி, அம்மா பிறந்த வீட்டுக்குப் போகவே இல்லை. திருத்தணிப் பக்கம், ஆற்றைத் தாண்டினால் ஒரு பகல் வண்டித் தூரம்தான் அவள் ஊர்.

ஒரு கனுமுப் பண்டிகையைச் சொல்ல வேண்டும். தமிழ்க் குடும்பங்களில் மாட்டுப் பொங்கல் என்போம், அரண்மனையில் கனுமு. அன்றைக்கு வீட்டில் இருக்கிற நாலுகால் பிராணிகளைக் குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, பொங்கல் ஊட்ட வேண்டும். ஜமீனில் மாடு இல்லாமல் வந்த முதல் கனுமு அது. காலியான தொழுவத்தைப் பார்த்துக்கொண்டே நின்ற தொரை, "டேய், நம்ம வூட்ல பிராணியே இல்லன்னு யார் சொன்னது?" என்றார். அவ்வளவுதான். அலமாரியில் இருந்த அத்தனையும் தொழுவத்துக்கு இறங்கின. வாத்துக்கும் நண்டுக்கும் மஞ்சள் தண்ணீர், பூனை கழுத்தில் சாமந்தி மாலை, யானைக்குப் பட்டு. தவளையின் திறந்த வாயில் தொரையே தன் கையால் சர்க்கரைப் பொங்கலை ஊட்டினார். "பொங்கலோ பொங்கல்" என்று கத்த என்னை நிறுத்தினார். நைனா வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் நிஜமான எருதுகளோடு நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பொங்கல் தவளையின் தொண்டையில் இறுகிவிட்டது. மறுநாள் காலையில் ஊரில் இருந்த எறும்பெல்லாம் தவளைக்குள் இருந்தது. அதைச் சுத்தம் செய்ய நான் பட்ட பாடு அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும். பல்குச்சியால் குத்தினேன், வெந்நீரில் ஊறப்போட்டேன், கடைசியில் எறும்புகளே தின்று முடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அம்மா வந்து பார்த்தாள். "இந்த வூட்ல அவரு கையால ஊட்டிவிட்டது இந்தத் தவளைக்கு மட்டும்தான். அதுவும் ஜீரணம் ஆவல" என்றாள்.

அப்புறம்தான் எல்லைத் தகராறு முற்றியது. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பவர்கள். கோபம் வந்தால் ஒன்று, கொஞ்ச வந்தால் இன்னொன்று. இவர்களை இரண்டாகப் பிரிக்க வேண்டுமாம். ஒரு வாரம் ஒரு கட்சி வரும், திருப்பதி எங்களுக்கு, சித்தூர் எங்களுக்கு என்று. மறு வாரம் இன்னொரு கட்சி வரும், திருத்தணியும் எங்களுக்கே என்று. இரண்டு கட்சியையும் தொரை பீங்கான் அறைக்கே அழைத்துப் போய், பேசவிடாமல் அரைமணி நேரம் தவளையைக் காட்டுவார். ஒரு தலைவர் பொறுமை இழந்து, "தொரகாரு, நீங்க தமிழா தெலுங்கா, இன்னைக்குச் சொல்லியாவணும்" என்றார். தொரை என்னைப் பார்த்தார். "டேய், இவங்களெல்லாம் யாரு?" என்று அலமாரியைக் காட்டினார். "சீனா, தொர" என்றேன். "மெஜாரிட்டி எந்தப் பக்கம்னு பார்த்துக்குங்க" என்று தலைவரை வழியனுப்பினார்.

ஆனால் முடிவு வந்தபோது தொரைக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் ஆந்திராவில் நிற்கிறோம், திருத்தணித் தாலுகா மெட்ராசுக்குப் போகிறது என்று பேச்சு உறுதியாயிற்று. யாருக்கு நிலம் போகிறது, யாருக்கு ஆற்றுத் தண்ணீர் போகிறது என்று ஊரே வயிற்றில் அடித்துக்கொண்டது. தொரைக்கு ஒரே கவலைதான்.

"யானை மெட்ராசுல மாட்டிக்கும்டா! கோடு போட்டுட்டா அப்புறம் ஒரு ராஜ்யத்து யானை இன்னொரு ராஜ்யத்துக்கு வர வுடுவானா? போலீஸ் நிக்கும்டா!"

அன்று முதல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சித்தூருக்குப் போய் யார் யாரையோ கேட்டார். எல்லாரும் சிரித்து அனுப்பினார்கள், இவர் நம்பவில்லை. மச்சான் வீட்டுக்குத் தானே போய்க் கேட்கவும் மானம் இடம் கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு காலை அடுப்படி வாசலில் வந்து நின்று, தொண்டையைச் செருமிவிட்டு, "நீ வேணும்னா போயி உங்க அண்ணன்கிட்ட கேட்டு வாங்கிக்கினு வா. கன்னியப்பன் வண்டியில வருவான்" என்றார்.

அம்மா கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. "நான் போலாமா?" என்று கேட்டாள். ஒரு சின்னப் பெண் கேட்பதுபோல் இருந்தது.

"யானைக்காகத்தான்" என்றார் தொரை.

பெட்டி தயாரிக்கும் வேலை எனக்கு. ஹேமலதா, இதைக் கவனமாகப் படி. மாமரப் பலகை, ஆணி உள்ளே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. உமி புது அறுவடை உமியாக இருக்க வேண்டும், பழசு தூளாகிப் படிந்துவிடும். அதை முறத்தில் புடைத்து மணலை நீக்க வேண்டும், மணல் பீங்கானைக் கீறும். பிறகு வெயிலில் காய வைக்க வேண்டும், ஈர உமி வழியில் அழுந்தி இடம் விட்டுவிடும், உள்ளே இருப்பது ஆட ஆரம்பிக்கும். பழைய வேட்டியைக் கிழித்துத் தும்பிக்கைக்கும் தந்தத்துக்கும் காதுக்கும், கை ஒடிந்தவனுக்குக் கட்டுவது போல், தளரவும் இல்லாமல் இறுக்கவும் இல்லாமல் கட்டு. வயிற்றுக்குள் பஞ்சு. அடியில் உமி மெத்தை, மேலே யானை, சுற்றிலும் உமி. ஒரு பிடி போட்டு, பெட்டியைப் பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டி, உமி இறங்கியதும் இன்னொரு பிடி. குச்சியால் குத்தித் திணிக்கவே கூடாது. முடிந்ததும் பெட்டியை ஆட்டிக் காதை வைத்துக் கேட்க வேண்டும். ஒரு சத்தமும் வரக் கூடாது. அப்புறம் வண்டியின் அடிப்பலகையில் வைக்காமல், கூண்டிலிருந்து குழந்தைத் தூளியைப்போல் கயிற்றில் தொங்கவிட வேண்டும். தூளி ஆடும், உள்ளே யானை தூங்கும்.

அந்த மும்முரத்தில் நான் அம்மாவைக் கவனிக்கவில்லை. ஒரு பகல் தூரத்துக்குத் தகரப் பெட்டி எதற்கு? குங்குமச் சிமிழும் சாமி படமும் எதற்கு? சாவிக்கொத்தைச் சமையல்காரியிடம் கொடுத்துவிட்டு, அடுப்பைத் துடைத்துக் கோலம் போட்டுவிட்டு வண்டி ஏறினாள். தொரை வாசலில் நின்று பெட்டிக் கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

நைனாதான் வண்டி ஓட்டினார். ஆற்று மணலில் எருதுகள் இறங்கியபோது அம்மா பேசினாள்.

"எங்கம்மா செத்த சேதி வந்தப்ப நான் இந்த மணலைத்தான் பார்த்துக்கினு நின்னேன் கன்னியப்பா. மாடி மேல ஏறினா தெரியும். போயிட்டு வரேன்னு கால்ல வியுந்தேன். யானை வந்தா போன்னாரு. பொணத்தைத் தூக்குற வரைக்கும் அங்க எனக்காகக் காத்துக்கினு கீறாங்க, இங்க இவரு வாத்தைத் துடைச்சிக்கினு கீறாரு."

நைனா எருதுகளை அதட்டுவதை நிறுத்திவிட்டார். எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் தொங்கிக்கொண்டிருந்த பெட்டியை மணலில் போட்டு மிதிக்கலாம் போல் இருந்தது. மிதிக்கவில்லை, முட்டையைக் கீழே போடாதவன் அல்லவா நான்.

அவள் பிறந்த வீட்டில் அண்ணன் வாசலுக்கே ஓடி வந்தார். நல்ல உழைப்பாளி உடம்பு, மேல் துண்டு இல்லை. தங்கையின் கையிலிருந்த தகரப் பெட்டியை வாங்கிக்கொண்டார். "மச்சான் வர்லியாம்மா?" என்றார்.

"அவரு வர்ல. யானைக்கு வண்டி வந்துது. நான் அதுல தொத்திக்கினு வந்தேன்" என்றாள்.

எனக்குச் சாப்பாடு போட்டார்கள். மோர் ஊற்ற வந்த அண்ணி கையில் என்ன இருந்தது என்கிறீர்கள்? யானை! எங்கள் தொரை பட்டுப் போர்த்திக் கும்பிடுகிற அந்த யானையின் ஜோடி, தும்பிக்கையால் என் இலையில் புளித்த மோர் ஊற்றியது. நான் பதறி எழுந்துவிட்டேன். "ஏம்ப்பா, மோர் புடிக்காதா?" என்றாள் அவள். அந்த வீட்டில் அது ஒரு கிண்டி. தினம் கழுவிக் கவிழ்க்கிற கிண்டி.

விஷயத்தைக் கேட்டு அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னுமா இதுக்காக என் தங்கச்சியைப் பூட்டி வெச்சிருந்தாரு? எடுத்துக்கினு போ. ராஜ்யமே ரெண்டாப் போவுது, இனிமே பழக்கமாவது ஒண்ணாவது."

"இல்லண்ணா" என்றாள் அம்மா. யானையை வாங்கி, தானே கழுவி, முந்தானையால் துடைத்து என் கையில் கொடுத்தாள். "எடுத்துக்கினு போ கன்னியப்பா, பத்திரம். ஆனா நம்ம வூட்டுப் பழக்கம் நிக்கட்டும். ஜோடியில ஒண்ணு இங்கதான் இருக்கணும். யானை போச்சுன்னா நான் நிக்கிறேன். தொரகிட்ட சொல்லு. எந்த வண்டியில யானை திரும்பி வருதோ, அதே வண்டியில நான் வரேன்."

"இன்னாமே பேசற?" என்றார் அண்ணன்.

"யானை வந்தாத்தான் நீ போலாம்னு அவரு சொன்னாரு. யானை வந்தாத்தான் நான் வருவேன்னு நான் சொல்றேன். அவரு கிட்ட கத்துக்கினதுதான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

திரும்பும் வழியில் ஆற்றங்கரையில் சர்வேக்காரர்கள் சங்கிலி பிடித்துக்கொண்டிருந்தார்கள். "பெட்டியில இன்னா?" என்று ஒருவன் கேட்டான். "யானை" என்றேன். "ஏம்ப்பா, வெய்யில் தலைக்கு ஏறிடுச்சா? வண்டியைத் தள்ளி ஓட்டு, கல்லு நடணும்" என்றான். போலீஸ் நிற்கும் என்று தொரை பயந்த எல்லையில் எங்களுக்கு நடந்த விசாரணை அவ்வளவுதான்.

தொரை வாசலிலேயே நின்றிருந்தார். வண்டி நிற்பதற்குள் பெட்டியில் காதை வைத்தார். நான் வாயைத் திறந்தேன். "பேசாதே!" என்றார். உள்ளே கொண்டுபோனோம். மூடியைத் திறந்ததும் மறுபடியும், "தொர, அம்மா..." என்றேன். "எச்சில் தெறிக்கும்டா!" என்று என் வாயைப் பொத்தினார். சட்டம் சட்டம்தான். உமியை விலக்கினோம், கட்டுகளை அவிழ்த்தோம். தும்பிக்கையைத் தடவினார், சேதம் இல்லை. தந்தம், இல்லை. காது, இல்லை. முதுகுப் பக்கம் மூக்கை வைத்து முகர்ந்தார். மோர் வாடையில் முகம் சுருங்கியது. என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் வாயைத் திறக்காமல் சாப்பிடுவதுபோல் சைகை காட்டினேன்.

இரண்டு யானைகளையும் மேஜை மேல் எதிரெதிராக வைத்தார். பின்னால் போய்ப் பார்த்தார், பக்கத்தில் வந்து பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது.

"சரே" என்றார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏமே! இங்க வந்து பாரு!"

இன்னும் உரக்கக் கூப்பிட்டார்.

"ஏமே, உங்க வூட்டு யானைதான், வந்து பாரேன்!"

சமையல்காரி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். "எங்கடா அவ?" என்றார் தொரை. அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது, அனுப்பியது அவளையும் சேர்த்துத்தான் என்று. நான் அம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

தொரை நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு யானையைப் பார்த்தார், இன்னொரு யானையைப் பார்த்தார். எழுந்தார். புதிதாக வந்ததைத் தும்பிக்கையைப் பிடித்துத் தூக்கினார்! தும்பிக்கையைப் பிடிப்பவன் கையை வெட்டுவேன் என்ற அதே மனிதர். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது அதைப் பெட்டியின் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். நைனா இன்னும் எருதுகளை அவிழ்க்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், பொழுது சாய்வதற்குள் ஆற்றைத் தாண்டியிருப்போம்.

"இன்னைக்கு அமாவாசையாடா? அமாவாசைன்னா வண்டி கட்டக் கூடாது" என்றார்.

"இல்ல தொர."

"நாளைக்கு?"

"இல்ல தொர."

யானையை மறுபடியும் மேஜைமேல், அதன் ஜோடிக்கு எதிரில் வைத்தார். "உமியைக் கொட்டிடாதே. வெய்யில்ல காயப் போட்டு, பெட்டியிலயே பத்திரமா வெய்யி. வேணும்."

அன்று முதல் அந்த வீட்டில் எனக்குப் புது வேலை. கனுமு முடிந்ததும் முற்றத்தில் பாயை விரித்து உமியைக் காயப்போடுவேன். தூளானதைப் புடைத்து நீக்கிப் புது உமி சேர்ப்பேன். தொரை மாடியிலிருந்து பார்ப்பார்.

"உமி காஞ்சிதாடா?"

"காஞ்சிது தொர."

"வண்டி?"

"கட்டலாம் தொர."

"பார்க்கலாம்" என்பார். ஒரு வருஷம் ஆற்றில் தண்ணீர் போயிற்று. ஒரு வருஷம் தேர்தல். ஒரு வருஷம் அந்த ராஜ்யத்து அரிசி தனக்கு ஒத்துக்கொள்ளாது என்றார், அவரை அங்கே சாப்பிட யார் கூப்பிட்டார்களோ தெரியாது. இன்னொரு வருஷம் ஒரு காரணமும் கிடைக்காமல், யானைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரித்த பிறகு வெகுநேரம் மாடியிலிருந்து இறங்கவில்லை. அங்கிருந்து ஆற்று மணல் தெரியும் என்று அம்மா சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. சாப்பிடக் கூப்பிடப் போனவன் கூப்பிடாமலே திரும்பி வந்தேன்.

அப்படியே தொரை ஒரு நாள் போய்ச் சேர்ந்தார்.

அம்மா அண்ணனோடு வந்தாள். தலை நரைத்திருந்தது. செய்ய வேண்டிய சடங்குகளைச் செய்தாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை என்று பங்காளி வீட்டுப் பெண்கள் காதுபடவே பேசினார்கள். எல்லாம் முடிந்த பிறகு பீங்கான் அறைக்கு வந்தாள். எதிரெதிரே நின்ற யானைகளைப் பார்த்தாள். "ரெண்டையும் சர்க்காருக்குக் குடுத்துடு கன்னியப்பா. எங்க வூட்லயும் வாணாம், இந்த வூட்லயும் வாணாம்" என்றாள். அப்படித்தான் யானைகளும், கூடவே மற்ற மிருகங்களும் மியூசியத்துக்கு வந்தன. யானையோடு பாகனும் போவது வழக்கம் என்பதால் நானும் அட்டெண்டராகப் போய்ச் சேர்ந்தேன்.

கிளம்பும்போது அவள் கண்ணில் மூலையில் இருந்த பெட்டி பட்டது. மூடியைத் தூக்கி உள்ளே கையை விட்டாள். ஒரு பிடி உமியை எடுத்து விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தாள்.

"புதுசா கீது. காஞ்சி கீதே?" என்றாள்.

"வருசா வருசம் காய வெப்பேம்மா. தொர கேப்பாரு. உங்களைக் கூட்டியாற யானையைக் கட்டணுமே, அதுக்காக வெச்சிருந்தது."

அம்மா பெட்டி ஓரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிணத்தின் முன்னால் அழாதவள் அந்த உமியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். வாய்விட்டு, ஊர் கேட்க அழுதாள். எனக்கும் தாங்கவில்லை, நானும் அழுதேன். அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது பழைய அம்மா திரும்பியிருந்தாள்.

"உமியைக் காய வெக்கத் தெரிஞ்ச மகராசனுக்கு ஒரு வண்டியைக் கட்டத் தெரியலையே!" என்றாள். கையில் இருந்ததைப் பெட்டியில் போட்டு, மூடியை மூடினாள்.

மிருகங்களோடு நான் மியூசியத்துக்கு எடுத்து வந்த அந்தப் பெட்டிதான் ஹேமலதா நீ பார்த்தது. உள்ளே ஒன்றுமில்லை என்று நீ சொன்னது வாஸ்தவம்தான். தூக்கிப் போட்டுவிடு. தெர்மாகோலை வருஷா வருஷம் வெயிலில் காயப் போட வேண்டியதில்லையாமே, அந்தமட்டில் நல்லது.